பழுப்பா, வெளுப்பா? தொட்டிப் பவளம்: கேள்வி – பதில்

வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களுக்கான இந்தப் பத்தியில், போன இதழின் கடைசி வரியில் "பவளத்தின் நிறம் மாறினால் படத்தோடு எழுதுங்கள்" என்று போட்டாலும் போட்டேன், பெங்களூரின் நாலா பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. படங்களில் பாதி நீல விளக்கில் எடுத்தவை. அவற்றில் நீலத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை, தயவுசெய்து வெள்ளை விளக்கைப் போட்டு எடுத்து அனுப்புங்கள். அப்புறம், ஏறக்குறைய எல்லாக் கடிதமும் "என்ன மருந்து ஊற்றலாம்?" என்றுதான் முடிகிறது. பொறுங்கள். பவளத்தின் நிறம் பழைய சேதி. இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் தொட்டியில் நடந்ததை அது இன்றைக்குச் சொல்கிறது. அதனால் என்ன நிறம் ஆனது என்பதைவிட எந்த இடத்தில் ஆனது, உச்சியிலா, அடியிலா, ஒரு பக்கம் மட்டுமா, மொத்தமாகவா, அதற்கு முந்தைய மாதம் வீட்டில் எதை மாற்றினீர்கள் என்று எழுதினால்தான் எனக்குப் பதில் சொல்ல வரும்.

கே: கடையில் கிளிப்பச்சையாக ஜொலித்த மஷ்ரூம் பவளம் இரண்டே மாதத்தில் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. 75 லிட்டர் தொட்டி, இரண்டு க்ளவுன் மீன், ஒரு டாம்சல், மூன்று வேளையும் தீனி போடுகிறேன். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? – ஒயிட்ஃபீல்டு வாசகர்

ப: கடைக்காரரைத் திட்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, தொட்டி விளக்கில் வெள்ளையை முழுக்கக் குறைத்து நீலத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். பச்சை திரும்பி வந்தால் பவளம் மாறவே இல்லை, விளக்குதான் மாறியிருக்கிறது. ஜவுளிக் கடை விளக்கில் பார்த்த புடவையை வாசலுக்கு எடுத்து வந்து பார்க்கிறோமே, அதே கதைதான். பவளத்தின் தோலில் இருக்கும் ஒருவகைப் புரதம் 450 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சையாகத் திருப்பித் தருகிறது (2008 வேதியியல் நோபல் பரிசுக்குக் காரணமான ஜெல்லிமீன் புரதத்தின் சொந்தக்காரப் புரதம் இது). கடைகளில் நீலத்தை மட்டும் ஏற்றி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

நீல விளக்கிலும் பழுப்பாகவே தெரிந்தால், இப்போது உங்கள் மூன்று வேளைத் தீனிக்கு வருவோம். பவளத்தின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன, ஜூசாந்தெல்லே என்று பெயர். அவை வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்துத் தங்களுக்குப் போக மிச்சத்தைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளம் உயிர் வாழ்வதே பெரும்பாலும் அந்த வாடகைப் பணத்தில்தான். இந்தப் பாசிகளின் நிறம் பழுப்பு. தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினால் அவை பெருகும், பெருகினால் பச்சையை மூடிவிடும். வெளிச்சம் போதாவிட்டாலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்க அவை நிறமியைக் கூட்டிக்கொள்ளும். மஷ்ரூம் குறைந்த வெளிச்சத்துக்காரர் என்பதால் உங்கள் விஷயத்தில் நான் தீனியைத்தான் சந்தேகப்படுகிறேன்.

ஒரு வேளையாகக் குறையுங்கள், அரை நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். நைட்ரேட் 20, 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று காட்டினால் வாரத்துக்குப் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றி மெதுவாக 10-க்குக் கீழே கொண்டு வாருங்கள். பாஸ்பேட் 0.1-க்குக் கீழே இருந்தால் போதும், பூஜ்யம் வேண்டவே வேண்டாம். ஏன் என்று அடுத்தடுத்த கடிதத்தில் வருகிறது. விளக்கின் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கிறதா என்று ஒரு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், வெட்கப்படும் அளவுக்கு வெளிச்சம் கூடும். பழுப்பு ஒரு நோய் கிடையாது. சொல்லப்போனால் அது வயிறு நிறைந்த பவளம், அழகாக இல்லை என்பது நம் குறை.

கே: டோட்ஸ்டூல் லெதர் பவளம் ஒன்பது நாளாகக் கூம்பிப்போய், மேலே மெழுகு பூசியதுபோல் பளபளவென்று இருக்கிறது. பூப்போல விரியும் பாலிப் ஒன்று கூட வெளியே வரவில்லை. செத்துவிட்டதா? – அல்சூர் வாசகி

ப: தோல் உரிக்கிறது, அம்மா. பாம்பு மாதிரி. லெதர் வகைகள் சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, மேலே பாசியும் அழுக்கும் படிந்த மெழுகுப் படலத்தை உரித்துப் போடும். ஒரு வாரத்தில் முடியலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அலைமோட்டாரைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவிடுங்கள், படலம் தானாகக் கழன்று போகும். கையால் பிய்க்க வேண்டாம். தண்டு விறைப்பாக நின்றால் கவலையே இல்லை. தண்டு தொளதொளத்து, ஓரிடத்தில் கறுத்து, மூடியைத் திறந்தால் அழுகிய நாற்றம் வந்தால் மட்டும் உடனே எழுதுங்கள், அல்லது அந்தப் பகுதியைக் கூரான பிளேடால் வெட்டி எடுத்துவிடுங்கள். நல்ல சதை வரைக்கும் வெட்டலாம், லெதர் அதைத் தாங்கும்.

கே: என் தொட்டியில் தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. ஆனால் ஜோவாந்தஸ் (சின்னப் பூக்கள்போல் கூட்டமாக வளரும் வகை), மஷ்ரூம் எல்லாம் மாசக்கணக்கில் வெளுத்துக்கொண்டே போகின்றன, சின்னதாகவும் ஆகிவிட்டன. தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருந்தும் ஏன்? – ராஜாஜிநகர் வாசகர்

ப: சுத்தமாக இருப்பதால்தான்.

உங்களுக்குச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு, இதே பள்ளத்தில் நான் விழுந்து எழுந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் தொட்டிக் கண்ணாடியில் கொஞ்சம் பச்சைப் பாசி படிந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், பாஸ்பேட்டை இழுக்கும் இரும்பு ஆக்சைடு குருணையைப் பாக்கெட்டில் எழுதியிருந்ததைவிட இரண்டு மடங்கு போட்டேன். அதே வாரத்தில் புது எல்.இ.டி விளக்கு வந்தது, ஆசையில் நூறு சதவீதத்தில் எரியவிட்டேன். பத்து நாள் எல்லாம் பிரமாதமாக இருந்தது, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். மூன்றாம் வாரம் எல்லாம் வெளிறிப்போக ஆரம்பித்தது. உடனே பயந்து போய் தண்ணீரில் பாதியை மாற்றினேன். அதாவது பட்டினி கிடப்பவனுக்கு வயிற்றைக் கழுவிவிட்டேன். நாலு வருஷம் வளர்த்த லெதர் அதோடு போயிற்று. எந்த ஒன்றால் போனது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது, மூன்றையும் ஒன்றாகச் செய்துவிட்டேனே.

பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கு உரம் வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் அந்த உரம். இரண்டும் பூஜ்யமாக இருந்து மேலே வெளிச்சமும் கொட்டினால், பாசியால் அந்த வெளிச்சத்தைச் சமாளிக்க முடியாமல் பவளத்துக்கு நஞ்சாகும் ஆக்ஸிஜன் வகைகள் உண்டாகின்றன, பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. வெளுப்பு என்பது அதுதான். கடலில் சூட்டால் நடக்கும் வெளுப்பின் உள்விவகாரமும் கிட்டத்தட்ட இதே. வெளுத்த பவளம் செத்த பவளம் ஆகாது, கண்ணாடிபோல் சதை இருக்கும், தொட்டால் சுருங்கும், வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதற்குள் நாம் சோறு போட வேண்டும்.

என்ன செய்வது? பாஸ்பேட் குருணை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்கிம்மரை (நுரை கிளப்பி அழுக்கை எடுக்கும் கருவி) பகலில் சில மணி நேரம் நிறுத்துங்கள். மீனுக்குத் தீனியைக் கூட்டுங்கள், ஒயிட்ஃபீல்டு வாசகருக்குச் சொன்னதற்கு நேர் எதிர், அவரிடம் இருக்கும் அதிகத்தை உங்களிடம் அனுப்ப முடிந்தால் இரண்டு தொட்டியும் தேறிவிடும். நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1-க்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, மஷ்ரூமை நிழலுக்கு நகர்த்துங்கள். பெரிய மஷ்ரூமாக இருந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை அரிசி அளவு இறால் துணுக்கு வைத்தால் மூடிப் பிடித்துச் சாப்பிடும். மேல்பக்கம் மட்டும் வெளுத்து அடிப்பக்கம் நிறத்தோடு இருந்தால் வெளிச்சம்தான் முக்கியக் குற்றவாளி, மேலும் கீழும் ஒரே சீராக வெளுத்திருந்தால் பட்டினி அல்லது சூடு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுபோல் தெரிகிறது. இன்னொன்று, டெஸ்ட் கிட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பூஜ்யம் காட்டுவதில் பழைய கிட்டுகளுக்கு நிகரில்லை.

நிறம் திரும்ப ஆறு, எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை வேறு எதையும் மாற்றாமல் இருப்பதுதான் கஷ்டம்.

கே: முதலில் நத்தைகள் செத்தன. பிறகு ஸீனியா என்ற மென்பவளம் கரைந்துபோனது. இப்போது ஜோவாந்தஸ் எல்லாம் மூடிக்கொண்டு நிறம் மங்கி நிற்கின்றன. மீன்கள் ஜாலியாகத் திரிகின்றன! உப்பு, வெப்பம், நைட்ரேட் எல்லாம் சரி. ஆவியாகும் தண்ணீருக்குச் சமையலறை ஆர்.ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன், மூன்று வருஷமாக அதே பழக்கம். – பி.டி.எம். லேஅவுட் வாசகி

ப: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், வாட்டர் ப்யூரிஃபையர் சமீபத்தில் மாற்றினீர்களா என்று. "ஆமாம் அண்ணா, தீபாவளி ஆஃபரில் புதுசு வாங்கினோம், காப்பர் சேர்க்கிற மாடல்" என்றீர்கள். அங்கேயே முடிந்துவிட்டது.

மீனுக்கு ஒன்றும் ஆகாமல் நத்தை, இறால், பவளம் மட்டும் வரிசையாகப் போனால் முதலில் செம்பைச் சந்தேகப்படுங்கள். மீன் தாங்கும் அளவு செம்பை முதுகெலும்பில்லாத உயிர்கள் தாங்காது, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் சில பங்கே அவற்றுக்குத் தொந்தரவு. கடல்மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து கொடுப்பதே ஒட்டுண்ணி சாகும், மீன் பிழைக்கும் என்ற கணக்கில்தான். நமக்கு உடம்புக்கு நல்லது என்று விற்கிற அதே செம்பு தொட்டியில் விஷம். நீங்கள் தினமும் மூன்று லிட்டர் ஊற்றுகிறீர்கள், தண்ணீர் ஆவியாகிப் போகிறது, செம்பு போகாது. அடுத்த நாள் இன்னும் மூன்று லிட்டர். சீட்டுப் பணம் மாதிரி சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. செம்புக் குடத்தில் ராத்திரி பிடித்து வைத்த தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுகிற வீடுகளையும் எனக்குத் தெரியும், அவர்களும் இதைப் படிக்கட்டும்.

செம்பு சேர்க்காத மாடலானாலும் சமையலறை ஆர்.ஓ வேண்டாம் என்றே சொல்வேன். குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் தாது இருக்க வேண்டும் என்பதற்காக அதில் வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று வைத்திருப்பார்கள். டி.டி.எஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) 50, 60 என்று காட்டுவது அதனால்தான். அந்த அறுபதில் சுண்ணாம்பு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, வேறென்ன எவ்வளவு என்று மீட்டருக்குத் தெரியாது. காவிரித் தண்ணீர் வருகிற தெருவில் ஒரு மாதிரி, போர்வெல்லில் ஒரு மாதிரி, டேங்கர் வந்தால் அந்த லாரி எந்தக் கிணற்றில் பிடித்ததோ அந்த மாதிரி. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி ஊரே டேங்கருக்குக் காத்திருந்தபோது பல தொட்டிகளில் புரியாத பாசி வந்தது ஞாபகம் இருக்கலாம். பவளத் தொட்டிக்கு ஆர்.ஓ.டி.ஐ என்று, கடைசியில் அயனி ரெசின் குழாய் வைத்த யூனிட் தனியாகக் கிடைக்கும். டி.டி.எஸ் பூஜ்யம் காட்ட வேண்டும், ஒன்று இரண்டு என்று ஏற ஆரம்பித்தால் ரெசின் மாற்ற வேண்டும். செலவுதான். வாங்க முடியாதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக் கேனில் பிடித்துப் பகிர்ந்துகொள்ளலாம், எங்கள் தெருவில் அப்படித்தான் ஓடுகிறது.

இப்போதைக்கு: நல்ல தண்ணீரில் உப்புக் கலந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 சதவீதம் மாற்றுங்கள், புது ஆக்டிவேட்டட் கார்பனும் செம்பைப் பிடிக்கும் ரெசினும் போடுங்கள். செம்பு கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்ப வெளியே வரும், அதனால் ஒரு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். புது நத்தை ஒன்றை விட்டுப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள், பாவம் அந்த நத்தை.

கே: கடையில் பால்வெள்ளையில் ஒரு அனிமோன் பார்த்தேன், ஊதா நுனியோடு கொள்ளை அழகு. வாங்கலாமா? – எச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகர்

ப: வேண்டாம். அது வெள்ளைக்காரி இல்லை, சோகை பிடித்தவள். பிடித்த இடத்திலிருந்து கடைக்கு வருவதற்குள் பாசியை இழந்து வெளுத்த அனிமோன் அது. பளீர் மஞ்சள், பளீர் இளஞ்சிவப்பு என்று நிற்பவற்றில் வெளுத்ததைச் சாயத்தில் முக்கியவையும் உண்டு. கொஞ்சம் அழுக்குப் பழுப்பாக, யாரும் திரும்பிப் பார்க்காமல் மூலையில் உட்கார்ந்திருப்பதைக் கேளுங்கள், விலையும் குறைவாக இருக்கும்.

கே: தூத்துக்குடி போனபோது கரையில் கிடந்த வெள்ளைப் பவளக் கல் ஒன்றை எடுத்து வந்து தொட்டியில் வைத்தேன். மறுபடி நிறம் வருமா? – கே.ஆர். புரம் வாசகர்

ப: வராது. உங்கள் கையில் இருப்பது எலும்புக்கூடு. அதில் பச்சையோ சிவப்போ ஏறினால் அது பாசி.

அதைவிட முக்கியம், அதை எடுத்து வந்திருக்கவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில், 2001 முதல் கடின பவளங்கள் எல்லாம் இருக்கின்றன, கடல்விசிறியும் நெருப்புப் பவளமும் கறுப்புப் பவளமும் கூட. செத்த கல் என்ற சமாதானம் செல்லாது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் என்று கணக்கு, அவற்றில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கு என்று வருஷக்கணக்கில் முருகைக்கல்லை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு. ஆகவே இந்தப் பத்தியில் நான் லெதர், மஷ்ரூம், ஜோவாந்தஸ் என்று மென்பவளப் பக்கமே சுற்றிச் சுற்றி வருவதற்கும் காரணம் புரிந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தது என்று கடையில் கடின பவளம் காட்டினால் இறக்குமதிக் காகிதத்தைக் கேளுங்கள், கடின பவளங்கள் எல்லாம், அரிய உயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவை. காகிதம் இல்லை என்றால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

கே: என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் தொட்டியில் ஹாமர் கோரல் என்று ஒன்று, அடியிலிருந்து மேல்நோக்கி வெள்ளையாகிக்கொண்டே வருகிறது என்று வீடியோ காலில் காட்டி அழுகிறாள். முந்தின வாரம் கே.ஹெச். குறைந்திருக்கிறது என்று சமையல் சோடா ஒரு பெரிய ஸ்பூன் போட்டாளாம். தொட்டி 150 லிட்டர். எனக்கு இதெல்லாம் புரியாது, அவளுக்கு என்ன சொல்ல? – மல்லேஸ்வரம் வாசகர்

ப: ஐயா, புரியாது என்று சொல்லிவிட்டு விடைக்கு வேண்டிய மூன்று தகவலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒயிட்ஃபீல்டு வாசகரைத் தவிர மற்ற யாரும் தொட்டி எத்தனை லிட்டர் என்று எழுதவில்லை தெரியுமா?

கணக்கு இதுதான். 100 லிட்டர் தண்ணீரின் காரத்தன்மையை (கே.ஹெச். என்பது இதுதான், டிகேஹெச் அதன் அலகு) 1 டிகேஹெச் ஏற்ற ஏறக்குறைய 3 கிராம் சமையல் சோடா போதும், நம் ஆப்ப சோடாதான். 150 லிட்டருக்கு நாலரை கிராம். பெரிய ஸ்பூன் என்றால் 15 கிராம் வரும், அதாவது ஒரே மூச்சில் மூன்றுக்கு மேல் ஏறியிருக்கிறது. ஒரு நாளைக்கு அரை டிகேஹெச், மிஞ்சிப்போனால் ஒன்று, அதற்கு மேல் ஏற்றக் கூடாது. 7 ஆக இருந்தாலும் 9 ஆக இருந்தாலும் பவளம் வாழும், 7-லிருந்து 10-க்கு ஒரே நாளில் தூக்கிப் போட்டால் தாங்காது.

அடியிலிருந்து கோடு கிழித்தாற்போல் சதை விலகி வெள்ளை எலும்பு தெரிகிறதே, அது வெளுப்பு இல்லை, சதை உரிதல். வெளுப்பில் சதை இருக்கும், நிறம் இருக்காது. இதில் சதையே இருக்காது. மகளிடம் சொல்லுங்கள்: சோடாவை நிறுத்தட்டும், இறக்குகிறேன் என்று எதையும் ஊற்ற வேண்டாம், தானாக இறங்கும். மூன்று நாள் ஒரே நேரத்தில் டெஸ்ட் செய்து எழுதி வைத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுதான் தினம் சேர்க்க வேண்டும். பவளத்தின் மேல் பழுப்பு நிறத்தில் கூழ்போல் ஏதாவது தொங்கினால் அது வேறு, ப்ரவுன் ஜெல்லி என்று ஒரு தொற்று, அந்தத் தலையை மட்டும் கையுறை போட்டு வெட்டி எடுத்து, மிச்சத்தைத் தனித் தொட்டியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துத் தலைகளுக்கும் போகும். ஒரு பக்கம் மட்டும் வெள்ளைத் திட்டு என்றால் பக்கத்து வீட்டுச் சண்டை, ராத்திரியில் நீளமான கொடுக்கு நீட்டி அடுத்த பவளத்தைச் சுடுகிற வகைகள் உண்டு, ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள், முன்னதில் மாவும் அமிலமும் கலந்திருக்கும்.

கே: ஜோவாந்தஸ் கூட்டத்தில் ஒரு மூலை மட்டும் தினம் தினம் மூடிக்கொண்டு நிறம் மங்குகிறது, மற்றவை பிரமாதமாக விரிகின்றன. பாறையை வெந்நீரில் போட்டு எடுத்தால் பூச்சி செத்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். – சிவாஜிநகர் வாசகர்

ப: வெந்நீரில் போடாதீர்கள். இந்த வரியை அந்த நண்பருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஜோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், கடலில் கிடைப்பவற்றில் மிகக் கொடியவற்றில் ஒன்று. பாறையைக் கொதிக்க வைத்தாலோ வெந்நீர் ஊற்றித் தேய்த்தாலோ அது நீராவியோடு காற்றில் கலக்கும். வெளிநாடுகளில் குடும்பத்தோடு, வளர்ப்பு நாயோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், வாயில் உலோகக் கசப்பு என்று ஆரம்பிக்கும். அப்படி ஏதாவது வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள், டாக்டரிடம் பாலிடாக்சின் என்ற பெயரைச் சொல்லுங்கள், காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் அவர் டெங்குவைத் தேடுவார். இவற்றைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், வெட்டும்போது கண்ணில் தெறிக்கும்.

மூலையில் மட்டும் தொடங்கி நகர்வதைப் பார்த்தால் யாரோ மேய்கிறார்கள். ராத்திரி விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஜோவாந்தஸைத் தின்னும் ஓடில்லா நத்தை ஒன்று உண்டு, தின்ற பாசியின் நிறத்தையே தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு பாலிப்புகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும், முதலில் பத்து தடவை பார்த்தாலும் தெரியாது. கண்டால் இடுக்கியால் எடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரையே தனிக் கிண்ணத்தில் எடுத்து அதில் பவளத்துக்கான டிப் மருந்தை பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில் கலந்து, அதில் சொன்ன நேரம் மட்டும் முக்கி, வேறு கிண்ணத்தில் அலசி வையுங்கள். டிப் முட்டையைக் கொல்லாது, ஆகவே வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். வெள்ளைச் சுருளாகப் பாறையின் அடியில் முட்டை தெரிந்தால் பழைய பல்துலக்கியால் வழித்துவிடுங்கள், கையுறையோடு. புதுப் பவளம் எது வாங்கினாலும் இந்தக் கிண்ணத்தைத் தாண்டித்தான் தொட்டிக்குள் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கடிதத்தை அடுத்த வருஷம் திரும்ப எழுத வேண்டியிருக்காது.

கே: பெங்களூரில் எதற்கு சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) என்று வாங்கவில்லை. மார்ச் கடைசியிலிருந்து தொட்டி 30, 31 டிகிரி. எல்லாமே லேசாக வெளுக்கிறது. ஃபேன் வைத்தால் போதுமா? மும்பையில் இருக்கும் என் அக்கா ஃபேன் வைத்துப் பார்த்துப் பிரயோஜனமே இல்லை என்கிறாள். – ஜெயநகர் வாசகி

ப: இரண்டு பேரும் சரி. தண்ணீரின் மேல் காற்றடித்தால் அது ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, வேர்த்த உடம்புக்கு ஃபேன் போட்ட மாதிரி. பெங்களூரில் மார்ச், ஏப்ரலில் காற்று வறண்டிருப்பதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மும்பையில் காற்றே ஈரத் துணி, அங்கே எங்கே ஆவியாகும்? அக்காவுக்கு சில்லர்தான் வழி.

எதற்கு சில்லர் என்று நாமெல்லாம் நினைத்த ஊர்தான், 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி காட்டியது. கடலில் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி அது நாலு வாரம் நீடித்தாலே பவளத் திட்டுகள் வெளுக்கத் தொடங்கும் என்பது கணக்கு. உங்கள் தொட்டி 26-க்குப் பழகியது, 31 என்பது ஐந்து டிகிரி. ஃபேனை இன்றைக்கே வையுங்கள், தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள் (மீன் குதிக்கும்), விளக்கு எரியும் நேரத்தை மத்தியானத்திலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றுங்கள், வெளிச்சத்தையும் கொஞ்சம் குறையுங்கள், சூடும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் அடி பலமாக விழும். கரண்ட் போகும் மத்தியானங்களுக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும், சுடுதண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு.

ஃபேன் வைத்த பிறகு ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். 100 லிட்டர் தொட்டியில் நாளைக்கு மூன்று லிட்டர் போனால், வெள்ளி சாயங்காலம் ஊருக்குப் போய்த் திங்கள் திரும்புவதற்குள் 35 இருந்த உப்பு 38-ஐத் தாண்டியிருக்கும். வெளுப்பைச் சரிசெய்யப் போய் உப்பில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். மிதவை சுவிட்சோடு தானாக நல்ல தண்ணீர் விடும் ஒரு சின்ன மோட்டார் வைத்துவிட்டு ஊருக்குப் போங்கள், அதற்கும் சமையலறை ஆர்.ஓ தண்ணீர் கிடையாது.